பானட்டைத் தொட்டுப் பார்த்த மூன்று நாட்கள்

சாக்கோட்டை,
வியாழக்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய முத்துக்கண்ணன் மாமாவுக்கு,

மஹாலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், இரண்டு ஆடுகள் ஆகிய ஐவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் முகேஷும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும். முப்பது வருடம் அரசு பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியதில் உங்கள் இடது காது போய்விட்டது. போனில் நான் பேசுவது உங்கள் வலது காதுக்கும் எட்டுவதில்லை. அதனால் "எதையும் லெட்டரா எழுது ஆத்தா, படிச்சுப் புரிஞ்சுக்கிறேன்" என்று நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போன வீட்டில் நான் சொல்லாமல் விட்டது இது: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் இருக்கிறது. அதற்கான தேர்வன்று பயிற்சிப் பள்ளிக்காரர் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு தன் பக்கத்துக் கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்க, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டியது அவர், பாஸானது நான். "நீங்களே ஓட்டிப் பாக்குறீகளா?" என்று காரின் சொந்தக்காரர் காசிவிஸ்வநாதன் ஐயா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். நான் ஏறாமல் குனிந்து டயரைப் பார்த்தேன். டயரில் எதைப் பார்ப்பது என்று தெரியாததால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "டயரு தேஞ்சுதான் இருக்கு, இல்லேங்கல. அதுக்கு அஞ்சாயிரம் கொறச்சுக்கிருவோம்" என்றார்.

எதற்குக் கார் என்று கேட்பீர்கள். சிவகங்கையில் ஒரு பள்ளியில் எனக்கு இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். சிறப்பு வகுப்பு முடிய ஆறு மணி. இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர எட்டரை. அம்மாவின் சட்டப்படி நான் ஏழரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பள்ளிக்கு அடுத்த தெருவில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "வயசுப் பிள்ளைய ஊரான் வீட்டுல விட்டுட்டு நான் இங்க நிம்மதியாக் கண்ண மூடுவேனா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு நாள் தன் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அப்பா யூனியன் ஆபீசில் இருபத்தாறு வருடம் கோப்புகளைப் பார்த்தவர். இந்தக் கோப்பையும் "அம்மாவின் பரிசீலனையில் உள்ளது" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். ஸ்கூட்டர் என்ற சொல்லுக்கு வீட்டில் அனுமதி இல்லை. ஆகவே கார். என் சேமிப்புக்குக் கிடைக்கக்கூடிய கார் என்றால் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் கார், வெள்ளை, பின்னால் பெட்டி மாதிரி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ரகம். இது வந்தால் வேலை. வராவிட்டால் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், அதுவும் இந்த வருடம் நான்கு பேர்தான்.

நீங்கள் போன கடிதத்தில் எழுதியதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். டீசல் இன்ஜினை ஆறிக் கிடக்கும்போதுதான் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான், முதலில் பானட்டில் கை வை, சுட்டால் பேசாமல் திரும்பி வா. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். அவர்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, கார் அந்த முடிவில் ஒரு கொட்டகையில் நிற்கிறது. நின்றுகொண்டே உறுமிக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்கப் புகை. காசிவிஸ்வநாதன் ஐயாவின் மனைவி சாலா ஆச்சி ஒரு கையால் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு மறு கையில் காபியோடு நின்றார்கள். பானட்டில் கை வைத்தேன். தோசை ஊற்றலாம்.

"எப்பக் கிளப்புனீக?" என்று ஐயாவைக் கேட்டேன்.

"எட்டே முக்காலுக்கு. ஒம்பதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்ல? அந்நேரம் பாத்து நீங்க வந்து சாவியத் திருப்புனா நல்லாவா இருக்கும்? அதான் நல்ல நேரத்துலயே கிளப்பி, அணைக்காம வச்சிருக்கோம்."

"முக்கா மணி நேரமாவா?"

"டீசலு போனாப் போகுது" என்றார்கள் ஆச்சி. "வாங்குற பிள்ளைக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுல்ல."

வாங்குகிறவளுக்குக் கெடுதல் வராமலிருக்க விற்கிறவர்கள் தங்கள் டீசலை எரிப்பதைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதை யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன், திரும்பி வரவில்லை. நான் யோசிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐயா இன்னும் மூவாயிரம் குறைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வருகிறேன், தயவுசெய்து அதுவரை யாரும் கிளப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். "தொடவே மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார். போய்க் கை வைத்தேன். முந்தின நாளைவிடச் சூடு. காலையில் அரியக்குடி பெருமாள் கோவிலுக்குப் போய் வந்திருக்கிறது. "இத்தன வருசம் வீட்டுல இருந்த வண்டி. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பச் சொல்றீகளா?" என்று கேட்டார்கள் ஆச்சி. "தொட மாட்டோம்னு சொன்னீகளே" என்று நான் மெதுவாக இழுத்ததற்கு ஐயா நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாங்க எங்க தொட்டோம்? டிரைவர வரச் சொல்லியில்ல கிளப்புனோம்!"

அன்று டிக்கியைத் திறந்தேன். பள்ளம் இருந்தது, அதில் இருக்க வேண்டிய ஸ்டெப்னிச் சக்கரம் இல்லை. அது முத்தப்பன் பங்கு என்றார் ஐயா. இதை விளக்க வேண்டும். அந்த வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஐந்து பங்காளிகள். உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. வீடு பொது, கிணறு பொது, கார் பொது. ஆனால் காரில் யார் எதைத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டாரோ அது அவருடைய அறையில். ஜாக்கி மீனாட்சிசுந்தரம் என்பவர் அறையில் இருக்கிறது, அவர் சென்னையில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். ஸ்டெப்னி முத்தப்பனின் அப்பச்சி, அதாவது அப்பா, வாங்கியது. முத்தப்பன் இருப்பது கோலாலம்பூரில். நின்ற இடத்திலிருந்தே அவரை வீடியோவில் அழைத்து என் கையில் போனைக் கொடுத்துவிட்டார் ஐயா.

"வண்டியத் தாராளமா எடுத்துக்கங்க" என்றார் முத்தப்பன். "அதுல எனக்குச் சம்மதம். சக்கரம் எங்க அப்பச்சி தனியா வாங்கிப் போட்டது. அதுல கை வைக்கக் கூடாது."

"வழியில பஞ்சரானா?" என்று கேட்டேன். மூன்று நாளில் நான் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி.

"பஞ்சரானா ஒரு போன் பண்ணுங்க. அறைச் சாவிய இங்கருந்து ஆள்கிட்டக் குடுத்து அனுப்புறேன்."

நான் போனைப் பார்த்தபடி இருந்தேன். பின்னாலிருந்து ஐயா அவரிடம் தாழ்ந்த குரலில், "பிள்ளை பேசவே மாட்டேங்குது முத்தப்பா, ரொம்ப வெவரம். ஒரு பத்துக் கொறச்சிருவமா?" என்பது கேட்டது.

குளிர்ந்த இன்ஜினை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அதற்குள் எனக்கு வேலையைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. இரவில் படுத்தால், காலை ஆறு மணிக்கு அந்த இன்ஜின் தனியாக என்ன செய்யும் என்றே யோசனை. நேற்று, புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அம்மாவும் கூட வந்தாள். மகள் ஏறப்போகும் வண்டியைத் தானும் ஒரு கண் பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, யாரையும் கூப்பிடாமல் நேரே கொட்டகைக்குள் நுழைந்து பானட்டில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது மாமா. மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. அம்மாவின் கையையும் இழுத்து வைத்துக் காட்டினேன். "இதுக்கு ஏண்டி பல்லக் காட்டுற?" என்றாள்.

ஐயா வந்து கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். "தலைய வெட்டுனாலும் ஒண்ணரைக்கு முன்னாடி சாவியத் தொட மாட்டேன். சாப்பிட வாங்க" என்றார். வெண்டைக்காய் மண்டி, பருப்பு, அப்பளம். அம்மாவுக்கு ஆச்சியை உடனே பிடித்துவிட்டது. "வண்டி தூரந்தொலைவு போகுமா ஆச்சி? பிள்ளை தெனம் சிவகங்கை போகணும்" என்று மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஆச்சி பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

"போகுமே. நாங்க அரியக்குடி வரைக்கும் சும்மாவே போவோம். அதுக்கு மேல போறதுன்னா மட்டும் பெத்தனுக்குச் சொல்லிருவோம். பின்னாடியே ஆட்டோவக் கொண்டாந்துருவான்."

"ஆட்டோ எதுக்கு?"

"நின்னுட்டா ஏறிக்கிறதுக்கு."

அம்மா மோரைக் குடிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு ஐயா சாவியைத் திருப்பினார். முதல் தடவை உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை தும்மியது. மூன்றாவது தடவை அவர் "பிள்ளையாரப்பா" என்று சொல்லித் திருப்ப, கறுப்பாக ஒரு புகை வந்து, பிறகு வெள்ளையாக வந்து, கொட்டகைக்கு மேலே இருந்த காக்கை எல்லாம் கிளம்பிப் போயின. வண்டியும் கிளம்பியது. நான் முன்னால், அம்மா பின்னால். முதல் வேகத்தடையில் டாஷ்போர்டு மூடி என் மடியில் விழுந்தது. இரண்டாவதில் ஹாரன் தானாக அடித்தது, அது ஒன்றுதான் காரில் புதிது என்று ஐயா பெருமையோடு சொன்னார். ஊர் தாண்டி நாலு கிலோமீட்டர் நன்றாகவே போனது. பிறகு, கோபமே இல்லாமல், ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அம்மா இறங்கப் பார்த்தாள். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, கண்ணாடியை இறக்கி வெளியே கை விட்டுத் திறக்க வேண்டும், கண்ணாடி இறங்காது. ஐயா ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிட்டு, "ராணி மாதிரி எறங்குங்க தங்கச்சி" என்றார். அப்போதுதான் பார்த்தோம், எங்களுக்கு நேர் பின்னால் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. சாலா ஆச்சி எங்கள் நன்மைக்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"பத்து நிமிசம் விட்டாத் தானா எடுத்துக்கிரும்க்கா" என்று பெத்தன் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். "வழக்கமா அந்தப் பாலத்துக்கிட்டயே நின்னுரும். இன்னைக்கு உங்க ராசி, இம்புட்டுத் தூரம் வந்திருக்கு."

அம்மா ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவரின் மௌனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டோ என்னவோ, ஐயா சாயங்காலம் போன் செய்து, தொடக்கத்தில் சொன்னதில் பாதி விலைக்கு வந்துவிட்டார். அதோடு முத்தப்பனிடம் பேசி, ஸ்டெப்னியைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறாராம்.

மாமா, நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆறியிருந்தால் கிளம்ப மாட்டேன் என்கிறது, சூடானால் ஓட மாட்டேன் என்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாலு கிலோமீட்டர் இருக்கிறதே, அதில் பழுதே தெரியவில்லை. அந்த நடுவை நீட்ட முடியாதா? டீசல் குழாயில் எங்காவது காற்று நுழைகிறது என்பது என் ஊகம். அதை அறியாமல் விட எனக்கு மனமில்லை. தவிர, அந்த வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லி, சோறும் போட்டு, பின்னால் ஆட்டோவும் அனுப்பி, இப்படி ஒரு விற்பனையை நான் கண்டதில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சனிக்கிழமை பத்தரைக்குப் பிறகு வந்து வண்டியை எடுத்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எனக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விடுவேன். தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் இதைக் காரைக்குடி டெப்போவில் உங்கள் பழைய கண்டக்டர் இராமு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தையின் முழங்கால் வலி குறையவும், முகேஷுக்கு ஆங்கிலம் ஏறவும், உங்கள் வலது காது நீண்ட நாள் கேட்கவும் வேண்டிக்கொள்கிறேன். அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கள் அன்புள்ள மருமகள்,
மஹாலட்சுமி

பின்குறிப்பு: இராமு அண்ணன் மூன்று நாள் விடுப்பில் இருந்ததால் இந்தக் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. சனிக்கிழமையும் போய்விட்டது, இனி நீங்கள் வர வேண்டாம்; இதைத் தபாலிலேயே போடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை அம்மா அரிசி களைந்துகொண்டே, "அந்த விடுதியில மாசத்துக்கு எம்புட்டுக் கேக்குறாக?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தக் கார்ல நீ தெனம் போய் வர்றத நெனச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. விடுதிக்குச் சக்கரம் இல்ல, பொகை இல்ல, நடுரோட்டுல நிக்காது. அங்கயே கெட" என்று முடித்துவிட்டாள். காசிவிஸ்வநாதன் ஐயாவிடம் கார் வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன், அவர் கோபப்படவில்லை, இன்னும் இரண்டாயிரம் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னோடு பஸ்ஸில் சிவகங்கைக்கு வந்து, விடுதி அறையின் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினாள். திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.