முட்டில்லாமல் நின்ற ரோஜா

தங்கவயலில் நிமிர்ந்து நிற்கும் எதையும் நம்பாத ஒரே மனிதர் டிம்பர் மேஸ்திரிதான். பூமிக்கடியில் பாறை சரிந்து ஆட்கள் மேல் விழாமல் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வரலாமல்லவா? மாட்டார். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தாரானால், வெயிலில் நிற்கிற உலகமும் சரியப்போவதாக அவருக்குத் தோன்றிவிடும்.

ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீடும் என் வீடும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு மண்சுவர். அவர் வீட்டுக்குள் போகவேண்டுமானால் உடம்பை ஒருக்களித்துக்கொள்ள வேண்டும். உத்தரத்துக்கு முட்டு, கதவுக்கு முட்டு, அரிசிப் பானைக்கு முட்டு. ஒரு பசு வாங்கினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று விலாவில் ஒரு கட்டையைக் கொடுத்தார். அன்றைக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு அது பழைய சொந்தக்காரனிடம் போய்விட்டது. மாட்டுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை, நான் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தேன்.

தங்கப் பாறையை அரைக்கிற மில் ஆபீசில் எழுதுகிறவன் என்பதால் என்னை ரைட்டரய்யா என்று கூப்பிடுவார். ஒருநாள் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது நிக்காது ரைட்டரய்யா” என்றார். நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் என் பக்கத்திலும் ஒரு கட்டை நட்டாகிவிட்டது. சரியாக என் தலையணைக்கு மேலே. தினமும் எழும்போது மண்டையில் இடித்துக்கொண்டு அவரை வாயாரத் திட்டுவேன்.

அவர் மனைவி குடியாத்தத்துக்காரி. ஒருநாள் குழம்புச் சட்டியோடு திரும்பியவள் ஒரு முட்டில் இடித்துக்கொண்டாள். குழம்பு போயிற்று, சட்டி போயிற்று, அவள் பொறுமையும் போயிற்று.

“இது இன்னா வூடாய்யா, சுரங்கமா? முட்டு இல்லாம தானா நிக்கிற பொருள் ஒண்ணே ஒண்ணு இந்த வூட்ல காட்டு. அப்ப வந்து உன்னோட குடும்பம் பண்றேன்” என்றாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள்.

வேறு எவனாவது இருந்தால் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடியிருப்பான். இந்த மனுஷன் ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை, சவரம் நின்றுபோயிற்று. அவள் உட்கார்ந்து சமைக்கிற இடத்துக்கு எதிரே குந்திக்கொண்டு வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. இருப்பதை அசைக்க வேண்டாம், புதிதாக ஒன்றை முட்டில்லாமல் நிற்கவைத்துக் காட்டலாம். அந்த ஒன்று, ரோஜாவாம்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் ஒரு துரையின் கோட்டில் வெள்ளை ரோஜா ஒன்று நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டாராம்.

“கட்டை இல்ல, கயிறு இல்ல, ரைட்டரய்யா. தானா நிக்குது” என்றார். சாமியைப் பார்த்துவிட்டு வந்தவர் கூட இப்படிச் சொல்லமாட்டார்.

துரை பங்களாத் தோட்டக்காரனிடம் கெஞ்சி ஒட்டுச்செடி ஒன்று வாங்கிவந்தார். நிஃபெட்டோஸ் என்று துரைமார் சொல்லுகிற ஜாதி. எங்கள் தெரு அதற்கு, தின்கிற தட்டையின் பெயரில், நிப்பட்டு ரோஜா என்று பெயர் வைத்தது.

அந்தச் செடிக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. பாறையை உடைத்து இடுப்பளவு பள்ளம் தோண்டினார். பள்ளத்தின் பக்கம் சரியுமென்று உள்ளே பலகை அடிக்கப் போனவரை, “மேஸ்திரி, அதுவும் முட்டுதான்” என்று தடுத்தேன். முகம் வாடிப்போய்ப் பலகையை எடுத்தார். ஏரி வண்டலும் குதிரைச் சாணமும் கூடை கூடையாக வந்தன. பச்சைப் பூச்சிக்குத் தான் மெல்லுகிற புகையிலையையே ஊறவைத்துத் தெளித்தார். குடத்துத் தண்ணீருக்குத் தெருவே அடித்துக்கொண்டிருந்த நாளில், செடியோரம் நின்றுதான் குளிப்பார், அதுவும் சீயக்காய் இல்லாமல். மில் புழுதி படிந்த இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். பெண்டாட்டியின் புடவையில் ஒரு நாளாவது இந்த மனுஷன் தூசி தட்டியிருப்பாரா?

மொட்டு வந்ததும், அதே ஷாஃப்ட்டில் வேலை செய்த மைத்துனனிடம் சொல்லியனுப்பினார். “ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறேன். ஏமாத்தினா அப்படியே திரும்பிடுவேன்” என்று அவளிடமிருந்து பதில் வந்தது.

சனிக்கிழமை மொட்டு விரிந்தது. நல்ல பெரிய பூ, பால் வெள்ளை. விரிந்த கையோடு கழுத்து வளைந்து தலைகீழாகத் தொங்கிவிட்டது.

மேஸ்திரி என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டக்காரனிடம் ஓடினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அந்த ஜாதிக்குக் கழுத்துல பலம் கெடையாதுப்பா. கோட்டுல நிமிந்து நிக்கணும்னு நான்தான் காம்புல கம்பி சொருவி அனுப்பறேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உலகத்தில் எத்தனையோ ரோஜா இருக்க, தலைதூக்கத் தெரியாத ஒன்றைத் தேடிப்பிடித்து, அதை நம்பிப் பெண்டாட்டியை வரச்சொன்ன மகானுபாவரை வேறெங்கே பார்க்கமுடியும்?

“நீங்களும் கம்பி சொருவிடுங்க, மேஸ்திரி. வெளியே தெரியாது” என்றேன்.

“அதுவும் முட்டுதான, ரைட்டரய்யா. பொய்யச் சொல்லியா அவள இட்டாறது?”

இந்த லட்சணத்தில் நியாயம் வேறு பேசுகிறார் என்று எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையில் வண்டி மாறி, மூட்டையோடு அவள் வந்து சேர்ந்தாள். தெருவே வாசலில் நின்றது. மேஸ்திரி செடியருகே குந்தியிருந்தார். வலது கை ஆள்காட்டி விரலைப் பூவின் மோவாய்க்குக் கீழே வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து அப்படியேதான் இருந்தார்.

“இன்னா பண்ற?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“கைய எடு.”

“எடுத்தா தொங்கிடும். நீ போயிடுவ.”

“எடுய்யா.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை எடுத்தார். பூ சட்டென்று தொங்கியது, இரண்டு ஆட்டம் ஆடியது, அப்படியே நின்றது. ஒரு இதழ்கூட உதிரவில்லை. அவள் குனிந்து பூவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“கண்ணத் தொறந்து பாரு. தொங்கினா தொங்கட்டுமே, வுழுந்தா போச்சு? இதுக்கா காலைலேர்ந்து சோறு தண்ணி இல்லாம குந்திக்கினு கீற?”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வழியில் நின்ற முதல் முட்டைப் பிடுங்கினாள். அதை வைத்துத்தான் அன்றைக்குச் சோறு பொங்கினாள்.

அப்புறம் தினம் ஒரு கட்டை அடுப்புக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் மேஸ்திரி கூரையை அண்ணாந்து பார்ப்பார், அது விழாது, பெருமூச்சு விட்டுச் சாப்பிட உட்காருவார். பாதிக் கட்டை தீர்ந்தபோது சவரம் செய்துகொண்டார். முழுக்கத் தீர்ந்தபோது சிரிக்கக்கூடச் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அந்தக் கட்டைகளுக்கு நடுவே நெளிந்தவர்கள் நாங்களல்லவா?

அவர் வீட்டுக் கட்டை தீர்ந்த மறுநாள் காலை அந்த அம்மாள் என் வாசலில் வந்து நின்றாள்.

“ரைட்டரய்யா, உங்க தலமாட்டுல ஒண்ணு கீதாமே. குடுத்தா வெந்நீர் வெச்சிடுவேன்.”

அன்று காலையும் அதில் இடித்துக்கொண்டு அவரைத் திட்டியிருந்தேன். நெற்றியில் வீக்கம் அப்படியே இருந்தது.

“அது இருக்கட்டும்மா” என்றேன். “அதுக்குக் கீழே படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.”