சின்டிலேட்டிங் சம்பந்தி

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் வெள்ளிதோறும் 'ஒரு சொல், ஓர் உதாரணம்' என்ற பகுதியை எழுதிவரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், அச்சகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். இதழ் வியாழனன்று அச்சுக்குப் போகிறது. அதற்குள் இக்கடிதம் தங்களிடம் வந்து சேர்ந்து, வருகிற வெள்ளிக்கான என் பகுதியிலிருந்து உதாரண வாக்கியத்தைத் தாங்கள் எடுத்துவிட வேண்டும். நேற்றே போன் செய்தேன். எடுத்தவர், "பக்கம் கட்டியாச்சு சார். எடிட்டர் சொல்லாம ஒரு கமாவைக்கூட அசைக்க முடியாது. எழுத்துல குடுங்க" என்றார். நியாயம்தான். நானும் வகுப்பில் வாய்மொழி விடுப்பு ஏற்றுக்கொண்டவன் அல்ல.

முதலில் என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகைமுன் நின்றவன். ஒரு சொல்லின் பொருளைப் பலகையில் எழுதினால் மணி அடித்ததும் அது அழிந்துவிடும். அதே சொல்லை அறைக்குள் இருக்கிற ஓர் ஆள்மேல் ஒட்டிவிட்டால் அழியவே அழியாது. அதனால் உதாரணத்துக்கு எப்போதும் உயிரோடு நடமாடுகிற மனிதர்களையே எடுப்பேன். தங்கள் இதழிலும் அப்படியே செய்தேன். 'பங்க்சுவல்' (நேரம் தவறாத) என்ற சொல்லுக்கு எங்கள் கட்டடத்தில் பேப்பர் போடுபவரை எடுத்தேன். அந்த வாரத்திலிருந்து அவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறார், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் நின்று அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டு வருகிறார். 'ஸ்டபர்ன்' (பிடிவாதமான) என்ற சொல்லுக்கு 'ஒரு பெண்மணி' என்று மட்டும்தான் போட்டேன். "அது நான் இல்லைன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் காபி கிடையாது" என்று என் மனைவி நான்கு நாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஐந்தாம் நாள் சொன்னேன். இதிலெல்லாம் பாடம் கற்றிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குக் கற்பிக்கத்தான் வரும்.

ஆறு வாரங்களுக்கு முன் 'சின்டிலேட்டிங்' என்ற சொல்லை எடுத்தேன். பொறி தெறிப்பதுபோன்ற பிரகாசம். சாதாரண வெளிச்சம் வேறு, இது வேறு. குழல்விளக்கு வெளிச்சம் தரும், ஆனால் சின்டிலேட்டிங் ஆகாது. வெல்டிங் கடையில் இரும்பிலிருந்து பொறிகள் விட்டுவிட்டுத் தெறிக்கின்றனவே, அதுதான். பெரும்பாலும் பேச்சுக்கும் அறிவுக்கும் நகைச்சுவைக்கும் பயன்படுத்துவார்கள். தேய்த்த பாத்திரத்துக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று எழுதினேன் (அதற்கும் வீட்டில் ஒரு நாள் முகம் தூக்கிவைக்கப்பட்டது). உதாரணம் வேண்டுமே! என் மருமகளின் தகப்பனார், அதாவது என் சம்பந்தி, லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், அன்று மாலை மகளைப் பார்க்க வந்திருந்தார். மாதம் ஒரு முறை வருவார், அரை மணி நேரம் இருப்பார், போய்விடுவார். மரியாதைக்காக, உறவு நன்றாக இருக்கட்டுமே என்று, 'எங்கள் சம்பந்தியின் பேச்சு சின்டிலேட்டிங்' என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அவர்களே, அவர் அதுவரை என்னிடம் மொத்தமாகப் பேசியது "மழை வரும்போல", "கிளம்பறேன்" என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

இதழ் வந்தது. அவர் அந்தத் துண்டை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. "சம்பந்தி, நீங்க எழுதினதுக்கப்புறம் பேசாம இருக்கறது சரியில்லன்னு தோணிச்சு" என்று உட்கார்ந்தார். ஒரு மணிக்கு எழுந்தார். அன்றிலிருந்து தினமும் பத்து முதல் ஒன்று வரை. தலைப்பு லிப்ட். முதல் வாரம் கதவு. இரண்டாம் வாரம் கதவின் பூட்டு. மூன்றாம் வாரம் மோட்டார். நான்காம் வாரம் கம்பிக்கயிறு. கயிற்றிலிருந்து அவர் இன்னும் இறங்கவில்லை. நான் நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், நாற்காலியோடு திரும்பினார். மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று எழுந்தேன், "நடந்துக்கிட்டே பேசலாம்" என்று கூடவே வந்தார். கடைக்காரரிடம் தலைவலி மாத்திரை கேட்டேன். "யாருக்கு?" என்றார் கடைக்காரர். சம்பந்தியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான்" என்றேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு நாள், ஒரே ஒரு கயிற்றின் நடுவில் இருக்கும் சணலில் எவ்வளவு எண்ணெய் ஊற வேண்டும் என்பதை மூன்று மணி நேரம் கேட்டேன். அவர் போனதும் மேஜைமுன் உட்கார்ந்தேன். அடுத்த சொல் 'டீடியஸ்' என்று என் கை எழுதியது. சலிப்பூட்டுகிற, முடிவே இல்லாமல் நீள்கிற என்று பொருள் எழுதியது. பிறகு, நான் தடுப்பதற்குள், 'தினமும் வருகிற ஓய்வுபெற்ற லிப்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு கயிற்றைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார். அது டீடியஸ்' என்று உதாரணமும் எழுதியது. சூடு ஆறுவதற்குள் கீழே இறங்கித் தபால் பெட்டியில் போட்டேன். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைதான் போகும்.

இந்த ஊரில் தங்கள் இதழ் படிக்கிற ஓய்வுபெற்ற லிப்ட் இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர்தான். அவரும் இதழ் வந்தவுடன் என் பகுதியைத்தான் முதலில் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உரக்கப் படிப்பார். இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நேற்று மருமகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "மாமா, அம்மா போனதுக்கப்புறம் அப்பா வீட்ல வாயே திறக்கல. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். நீங்க எழுதின அந்த ஒத்த வரிதான் அவரைப் பேச வச்சிச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள். வெள்ளிக்கிழமை அந்த மனிதர் நான் எழுதிய இந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டால், இந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் நான்காம் மாடி. லிப்ட் மேலே ஏறும்போது ஒரு முனகல் முனகும். அந்த முனகல் மூன்றாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. இதோ, முனகுகிறது. தாண்டிவிட்டது. மணி பத்து. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மணி ஒன்றே கால். சம்பந்தி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார், நான் படுக்கையறையில் தலையணைமேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இன்று நடந்ததைத் தாங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்ததும் வழக்கம்போல் கயிற்றைத் தொடங்கினார். நான் தலையாட்டினேன். நடுவில் நிறுத்தி என்னையே பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டதோ?

"சம்பந்தி, உங்க முகம் சரியில்ல" என்றார். "ஒரு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கை உதறுது. மணி அடிச்சாத் திடுக்கிடறீங்க. இந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும். லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க முகம்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"மாட்டிக்கிட்டவங்களும் அதைத்தான் சொல்வாங்க. ஒரு தடவை ஒரு அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல, விளக்கும் போயிடுச்சு. மெக்கானிக் வர ரெண்டு மணி நேரம். எனக்கு மத்தவங்க மாதிரி ஆறுதலாப் பேச வராது. கதவிடுக்குல வாயை வச்சு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். மேல ஆறு கயிறு இருக்கும்மா, ஒண்ணொண்ணும் தனியா இந்தப் பெட்டியைத் தாங்கும்மா, அஞ்சு அறுந்தாலும் ஒண்ணு விடாதும்மான்னு. முதல் கயிறைப் பத்தி இருவது நிமிஷம். அப்புறம் ரெண்டாவது. ரெண்டும் ஒரே மாதிரிதான், ஆனா அவங்க கிட்ட அதைச் சொல்லல. ஆறாவது கயிறு வரதுக்குள்ள கதவு திறந்திடுச்சு. அந்தம்மா வெளிய வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'அந்த ஆறாவது கயிறு என்னாச்சு?'"

நான் சிரித்துவிட்டேன், ஆசிரியர் அவர்களே. வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"அதான், உங்களுக்கும் கயிறையே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். "கதவு, மோட்டார் எல்லாம் முடிஞ்சிடுச்சு, போன வாரமே நிறுத்தியிருப்பேன். உங்க முகத்தைப் பாத்தேன், நிறுத்த மனசு வரல. என்ன கவலைன்னு கேக்க மாட்டேன். மாட்டிக்கிட்டவங்க கிட்ட ஏன் மாட்டினீங்கன்னு கேக்கக் கூடாது."

இந்த மனிதரைப் பற்றித்தான் நான் அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் பயந்து நான் நடுங்க, என் நடுக்கத்தைப் பார்த்து அவர் இன்னும் நீட்ட, அவர் நீட்டியதைக் கண்டு நான் இன்னும் நடுங்க, இப்படியே ஒரு வாரம் ஓடியிருக்கிறது. ஆகவே தங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். உதாரணத்தை எடுத்துவிடுங்கள். உயிருள்ள ஆள்தான் வேண்டும் என்றால் என்னைப் போடுங்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் டீடியஸ்' என்று போட்டால் எந்த வாசகரும் மறுக்க மாட்டார், இதுவரை படித்துவந்த தாங்களே சாட்சி.

தங்கள் இதழ் எழுத்துப்பிழை அண்டாமல் பல்லாண்டு வரட்டும். தங்கள் வீட்டுக் கதவுகள் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கட்டும். தங்கள் சம்பந்திகள் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமைக்குப் பயந்துகொண்டிருக்கும்
தங்கள் 'ஒரு சொல்' ஆசிரியன்

பின்குறிப்பு: விபரீதம். நான் உறையோடு வெளியே வந்ததைச் சம்பந்தி பார்த்துவிட்டார். "பத்திரிகைக்கா? தபால்ல போட்டா ரெண்டு நாளாகும். என் வழிதானே, நானே கையில குடுத்துடறேன்" என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. உறையின் பசை வேறு காய்ந்துபோய் ஒட்டமாட்டேன் என்கிறது. பசை தேடுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் பசை இல்லை. நல்ல மனிதர், பிறர் கடிதத்தைப் பிரிக்க மாட்டார் என்று நம்பிக் கொடுக்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு, வேறு கையெழுத்தில்: ஆசிரியர் ஐயாவுக்கு, மேற்படி சம்பந்தி எழுதுவது. பிறர் கடிதத்தை நான் பிரிப்பவன் அல்ல. ஆனால் இந்தக் கட்டடத்து லிப்ட் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்த முனகலைப் பற்றி நான் ஏற்கெனவே எச்சரித்திருந்தேன். உள்ளே நான் ஒருவன்தான். முப்பது வருடம் வெளியில் நின்றவன், உள்ளே மாட்டுவது இதுதான் முதல் தடவை. கை உதறியது. உறை கீழே விழுந்து தாள்கள் சிதறின. பொறுக்கினேன், படித்தேன், மன்னிக்கவும். வாக்கியத்தை எடுக்க வேண்டாம். மூன்று மணி நேரம் என்பது உண்மை. 'டீடியஸ்' என்பதையும் என் மனைவி இருந்தபோது தமிழில் தினமும் சொல்வாள். திரும்பக் கேட்டதில் சந்தோஷம்தான். ஆனால் 'ஒரு கயிறு' என்று இருப்பதை 'ஆறு கயிறு' என்று திருத்தவும். ஒரே கயிற்றில் லிப்ட் தொங்குகிறது என்று நினைத்து வாசகர்கள் பயந்துவிடுவார்கள்.

இதை எழுதும்போது என் சம்பந்தி, அதாவது தங்கள் 'ஒரு சொல்' ஆசிரியர், மூன்றாம் மாடியில் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். "பயப்படாதீங்க சம்பந்தி, மேல ஆறு கயிறு இருக்கு" என்கிறார். சணல், எண்ணெய் எல்லாம் சரியாகச் சொல்கிறார். குரல் நடுங்குகிறது, விட்டுவிட்டு வருகிறது, அவர் எழுதிய அந்த வெல்டிங் கடைப் பொறி மாதிரி. மெக்கானிக் வந்து ஐந்து நிமிடம் ஆகிறது, கதவைத் திறக்கட்டுமா என்று கேட்கிறார். சம்பந்தி இப்போதுதான் நாலாவது கயிற்றுக்கு வந்திருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.