டிராகன் வாங்கிய கடன்

கணக்கை ஜாலியாகச் சொல்லிக் கொடுக்கும் அப்பா என்றொரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். எட்டும் ஐந்தும் எத்தனை என்று குழந்தை கேட்டால், பதின்மூன்று என்று சொல்லித் தொலைக்க மாட்டார். தொண்டையைக் கனைப்பார். கண்ணை உருட்டுவார். எட்டுத் தலை டிராகன் ஒன்று ஐந்து தலை டிராகனை நலம் விசாரிக்கக் கிளம்பி, வழியில் சூனியக்காரியோடு மல்லுக்கட்டி, பறக்கும் கம்பளத்தில் ஓட்டை விழுந்து, அதைத் தைக்க ஊசி தேடி அலைந்து வந்து சேர்வதற்குள் குழந்தை குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். எட்டும் ஐந்தும்? அம்போ!

நம்மவர் தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். ஆகவே அவர் கட்டும் கோட்டைகளில் படிக்கட்டு கிடையாது. ராட்சசனே ஆனாலும் பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கோ கணக்குப் பரீட்சை என்றாலே வயிற்றுவலி. பாவம், நிஜ வலி. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார வைப்பேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பெற்ற மனசு கேட்குமா? சாப்பாட்டு மேஜையில் கரண்டியை டிராகனாக்கி நிறுத்தினார்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக வேண்டும்.

"கீழ ஒண்ணாம் வீட்டு டிராகன்கிட்ட ரெண்டே நெருப்புருண்டை. ராட்சசன் ஏழு கேக்கறான். என்ன பண்ணும்?"

"அழும்."

"சேச்சே! லிஃப்ட் ஏறி, மாடியில பத்தாம் வீட்டுல ஒரு பெட்டி கடன் வாங்கும். பெட்டிக்குள்ள பத்து உருண்டை!"

"அப்புறம் திருப்பிக் கொடுத்துடுமாப்பா?"

விவரமான மனுஷர் என்றால் 'அதெல்லாம் கொடுக்காது, கணக்கைப் போடு' என்றிருப்பார். நம்மவரா?

"பின்னே? நல்ல டிராகனாச்சே! மறுநாளே கொடுத்து, தேங்க்ஸும் சொல்லிடுச்சு."

மகள் கைதட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கதைக்குத் தானே!

பரீட்சையன்று வயிற்றுவலி எட்டிப் பார்க்கவில்லை. துள்ளிக்கொண்டு போனாள். விடைத்தாளும் வந்தது: ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக, முப்பத்தைந்து. எல்லாக் கழித்தலிலும் இதே லட்சணம், சொல்லி வைத்த மாதிரி பத்து கூடுதல்.

"ஏண்டா குட்டி, பத்தாம் வீட்டுல அஞ்சு நாலாகணுமே?"

"அதான் திருப்பிக் கொடுத்துடுச்சேப்பா!" என்றவளுக்கு உதடு பிதுங்கியது. "டிராகன் செஞ்சது தப்பா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி என்றால் கணக்குப் போச்சு. தப்பு என்றால் பிள்ளை கெட்டுப் போச்சு. மனைவிதான் கை துடைத்தபடி வந்தாள்.

"டிராகன் செஞ்சது சரிதான் கண்ணு. எதிர்வீட்டுல உங்கப்பா கடன் வாங்கின ஏணி போன வருஷத்துலேர்ந்து நம்ம பால்கனியிலதான் நிக்குது. அதை வெச்சு சொல்லிக் கொடுத்திருந்தா நீ நூத்துக்கு நூறு வாங்கியிருப்பே."

மனுஷர் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மறுபரீட்சைக்கு டீச்சரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். இனிமேல் டிராகனும் இல்லை, கோட்டையும் இல்லை என்று மேஜையில் வெறும் தீக்குச்சிகளைப் பரப்பினார்.

"இந்தக் குச்சிக்கெல்லாம் பேர் என்னப்பா?" என்றாள் மகள்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

சிரிக்கிறீர்கள். சரி, ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் சரியான விடை எத்தனை? போட்டுப் பார்த்தீர்களா, அல்லது நீங்களும் டிராகன் பின்னாலேயே லிஃப்ட் ஏறிவிட்டீர்களா?