மேற்படி தொட்டியின் வழுவழுப்பு

பதவி உயர்ந்தவர் வீட்டில் மீன் வளர்த்தே தீர வேண்டும் என்று அரசாணை ஏதும் இல்லை. ஆனாலும் சங்ககிரியில் குடிநீர்த் தூய்மை அலுவலராகப் பொறுப்பேற்ற தீனதயாளன், தன் அந்தஸ்தில் உள்ளவர்கள் வீட்டிலெல்லாம் கண்ணாடித் தொட்டி மின்னுவதைக் கண்டு, தானும் ஒரு சிறு தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வைத்தார். மாலையில் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தால், மேலதிகாரியிடம் வாங்கிய திட்டுகூட மறந்துபோனது.

ஒரு நாள் அவர் மனைவி மைதிலி, "ஏனுங்க, தொட்டிக்குள்ள கைய வெச்சா வழுவழுங்குது. தண்ணி மேல ஏடு வேற கட்டியிருக்குது. கழுவிப் போடட்டுங்களா?" என்றாள்.

தீனதயாளன் பதறினார். "தொட்டுப் பார்த்தெல்லாம் முடிவு பண்ணக்கூடாது மைதிலி. முறைப்படி ஆய்வு செய்யணும்."

உதவியாளர் கலையரசன் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்தது. குழு காலையில் வீட்டுக்கே வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தது. அதிகாரியின் மீன் ஆயிற்றே, சும்மா பார்த்துவிட்டுப் போவது மரியாதையா? ஆளுக்கொரு சிட்டிகை தீனியைப் பயபக்தியோடு போட்டார்கள். "படலம் இருப்பது உண்மை, காரணம் பரிசீலனையில் உள்ளது" என்று அறிவித்துவிட்டுக் காபி குடித்தார்கள். மறுநாள் படலம் இன்னும் தடித்திருந்தது. நிலைமையின் தீவிரம் கருதிக் குழு விரிவாக்கப்பட்டது. விரிவான குழு விரிவாகத் தீனி போட்டது.

அலுவலகமே வீட்டுக்கு வந்துவிட்டதால் பொதுமக்களும் பின்னாலேயே வந்தார்கள். பைபாஸில் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்தும் பழனியம்மாள், தண்ணீர்ச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்தவள். காத்திருந்த அலுப்பில் அவளும் ஒரு சிட்டிகை போட்டுவைத்தாள். நம் மீன்மேல் இத்தனை பிரியமா என்று தீனதயாளன் உருகி, அன்றே கையெழுத்துப் போட்டார். சேதி ஆத்தூர் வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு எந்த மனுவும் தீனிப் பொட்டலம் இல்லாமல் வரவில்லை.

தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தது. தீனதயாளனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏதாவது பண்ணுய்யா!"

"துணைக்குழு ஒண்ணு போட்டுரலாங்க சார்," என்றார் கலையரசன்.

மைதிலி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"குழு அறிக்கை இன்னும் வரலையே!" என்று குறுக்கே நின்றார் கணவர்.

"மீனு செத்த பொறவு அறிக்கையப் போட்டுக் கொழம்பு வெக்கறதுங்களா? தின்னது போக மிச்சம் அழுகித்தான் இந்த வழுவழுப்பு. கடைக்காரருக்கு ஒரு போன் போட்டேன், சொல்லிட்டாரு."

அறிக்கைக்கென்று வாங்கிய வெள்ளைத் தாளைத் தண்ணீர் மேல் விரித்து ஏட்டை ஒற்றி எடுத்தாள். கொஞ்சம் தண்ணீரை மொண்டு, தொட்டியின் வடிகட்டியில் இருந்த பஞ்சை அந்தத் தண்ணீரிலேயே அலசினாள். கண்ணாடியைத் துடைத்து, முதல் நாளே பிடித்து வைத்திருந்த நீரை ஊற்றினாள். பொட்டலங்களை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்படியே சில தடவை செய்ததும் தொட்டி பளிச்சென்றாகிவிட்டது. மீன் துள்ளியதைப் பார்த்து தீனதயாளனுக்குக் கண் கலங்கியது. அந்த உணர்ச்சி வேகத்தில் ஓர் உத்தரவும் போட்டார்: இனி யாரும் மீனுக்குத் தீனி போடக்கூடாது, சான்றிதழ் எல்லாம் ஆபீசில், வரிசைப்படி.

மறுநாள் வாசலில் பெருங்கூட்டம். முன்னால் நின்றவள் பழனியம்மாள். இரண்டாவது மெஸ் திறக்க இருந்தாள்.

"ஏனுங்க சாமி, இது ஞாயமுங்களா? வரிசைப்படின்னா எங்க மொறை எந்தக் காலத்துல வாரது? மீனுக்குப் போட்டா அன்னைக்கே வேலை ஆச்சுதுங்களே!"

"அது லஞ்சம் மாதிரி ஆயிடும்மா."

"தின்னது மீனுங்க. உங்க மேல எப்படிங்க பழி வரும்?"

தீனதயாளன் யோசித்தார். சட்டப்படி பார்த்தாலும் இதில் குறை தெரியவில்லை. ஆனால் பீரோச் சாவி மைதிலியின் இடுப்பில் இருந்தது.

"ஊட்டுல முடியாதுன்னா உடுங்க," என்றாள் பழனியம்மாள். "ஆபீசுக்கு நாங்களே ஒண்ணு வாங்கித் தாரோம்."

பொதுமக்கள் நன்கொடையாக, ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுக்கு ஒரு தொட்டி அலுவலகத்துக்கு வந்தது. கலையரசன் ரிப்பன் வெட்ட ஏற்பாடு செய்தார். முதல் சிட்டிகையைத் தீனதயாளன் போட, கூட்டம் கைதட்டியது.

மாதம் முடிவதற்குள் கண்ணாடி பச்சையாகி, உள்ளே மீன் இருக்கிறதா, செத்ததா என்றே தெரியாமல் போயிற்று. யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்று போட்டுக்கொண்டே இருந்தார்கள்.