அனிமேஷன்னா எந்த நாட்டு பையர்?

அழுக்கைத் தேடிப் போய் அவமானப்பட்டவள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

கார்ட்டூன் படங்களில் பொம்மைகள் ஓடியாடும் தெரு, வீடு, கடை எல்லாம் யாரோ வரைவதுதான். அதற்கு பேக்ரவுண்ட் என்று பெயர். அந்த யாரோவாக ஆசைப்பட்டு ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஸ்டூடியோவுக்கு விண்ணப்பித்தேன். (சொந்தக்காரர்கள் மொழியில் 'பொம்மை போடற வேலை'.) தேர்வு இதுதான்: ஒரு பனியன் கம்பெனியை நேரில் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து மூன்று படம் வரைய வேண்டும். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆனால் ஆட்கள் புழங்கும் இடம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். தோற்றால், அப்பா பேசி வைத்திருந்த, பனியன் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போக வேண்டும்.

திருப்பூர்க்காரிக்கு இதெல்லாம் ஒரு தேர்வா என்று மிதப்பில் இருந்தேன். அவிநாசிபாளையம் பக்கம் என் தாய்மாமா தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஃபேனில் தாடியாகத் தொங்கும் பஞ்சுத்தூசி, மெஷினில் வரிசையாக ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, ஜன்னல் கம்பியில் சாப்பாட்டுப் பைகள், சுவரில் எண்ணெய்க் கைத்தடம். எனக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

"பேக்ரவுண்டுக்குப் போட்டோ எடுக்கணும் மாமா" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, தாராளமா எடுத்துக்க."

மாமா ஒரு கல்யாணத்துக்காக வெள்ளகோவில் போகிற அவசரத்தில் சூப்பர்வைசர் செல்வராஜுக்குப் போன் போட்டார். "நாளைக்கு ஒரு பொண்ணு வருதுங்க. நம்ம பேக்ரவுண்ட் பாக்கோணுமாம். போட்டோ எடுக்கும், எல்லாத்தையும் காட்டீருங்க." அக்கா மகள் என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் வாயா வலித்திருக்கும்?

கேமராவும் நோட்டும் வைத்துக்கொண்டு பேக்ரவுண்ட் பார்க்க வருகிறவர், திருப்பூர் அகராதியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனி ஒழுங்கைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டர்.

மறுநாள் காலை நான் போனபோது யூனிட் ஃபினாயில் மணத்தில் மிதந்தது. ஃபேன் பளபளத்தது. சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு பொட்டுகூட மிச்சமில்லை, சுரண்டிவிட்டார்கள். டெய்லர்கள் முகக்கவசத்துடன் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயோ, எதுக்குங்க கிளீன் பண்ணீங்க? நான் அனிமேஷன்ல இருந்து வர்றேங்க."

தூத்துக்குடிக்காரரான செல்வராஜ் பணிவாகக் கேட்டார். "அனிமேஷன்னா எந்த நாட்டு பையரு மேடம்?"

ஓனரின் அக்கா மகள் என்பதையும் சேர்த்து நான் விளக்க விளக்க, அவர் நம்பாமல் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். "எனக்கு அழுக்குதாங்க வேணும்" என்று கெஞ்சினேன். பொறி வைக்கிறேன் என்று நினைத்து, "நம்ம கம்பெனில அழுக்கே கிடையாது மேடம்" என்றார்.

அப்போதுதான் மூலையில் ஒரு கதவு கண்ணில் பட்டது. திறந்தேன். உள்ளே சாப்பாட்டுப் பைகள், செருப்புகள், கட்டிங் வேஸ்ட் மூட்டைகள், முருகன் காலண்டர், என் வாழ்க்கை. சந்தோஷத்தில் கேமராவைத் தூக்கினேன். செல்வராஜ் பாய்ந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"இந்த ரூமு எங்க கம்பெனியே இல்ல மேடம். பக்கத்துக் கம்பெனி."

(பக்கத்தில் இருந்தது தென்னந்தோப்பு.)

மாமாவுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில், "சாப்புட்டுட்டுப் போ கண்ணு" என்று வைத்துவிட்டார். மறுநாள் கடைசித் தேதி. கிடைத்ததை வரைந்து அனுப்பினேன். 'ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது. நாங்கள் கேட்டது பனியன் கம்பெனி' என்று ஸ்டூடியோவிலிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க அழுதேன். மெர்ச்சண்டைசர் வேலையில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய பிறகுதான், வேறொரு ஸ்டூடியோவில் எனக்குப் பிடித்த வேலை கிடைத்தது.

ஆனால் அடுத்த வாரமே மாமாவின் யூனிட்டுக்கு நிஜ ஆடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். யூனிட் ஜம்மென்று தேறிவிட்டது. அன்று முதல் எந்த விசேஷத்திலும் மாமா என்னை, "இதுதானுங்க எங்க ஆடிட்டர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், "ஆடிட் வந்தாச்சு, செருப்ப ஒளிச்சு வையுங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.

போன மாதம் யூனிட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஆடிட்டில் வாங்கிய சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதன் மேல் பஞ்சுத்தூசி அழகாகப் படிந்து, நடுவில் யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டியிருந்தார்கள். படம்பிடிக்க மெதுவாகப் போனை எடுத்தேன்.

செல்வராஜ் அண்ணன் ஓடி வந்து துடைத்துவிட்டார்.