ஏழு தகரம்

தகரத்தின் மேல் வைத்த கொழுந்துச் சாக்கு அசையவே இல்லை.

அம்மாக்கண்ணு காலால் தள்ளினாள். ஒரு முழம் போய் நின்றது.

கீழே சாலையோரத்தில் எடைக் கொட்டகை. சாக்கைச் சறுக்கி இறக்க, அதுவரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏழு பழைய தகரங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். மூட்டுவலிக்குத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை எதற்கும் உதவவில்லை. சாக்கைச் சுமந்து தினமும் கடைசியாகத்தான் இறங்கினாள். நேற்று கங்காணி மாடசாமி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் கடைசியா வந்தீன்னா உன் நிரை வேற ஆளுக்குத்தான்லா. நீ புல்லு வெட்டப் போ."

இருபது வருடமாக அவள் கொழுந்து பறிக்கும் செடிவரிசை அந்த நிரை. பக்கத்து நிரையில் தோழி இராசம்மா. புல் வெட்டும் இடத்தில் பேச யார் இருக்கிறார்கள்?

"கனம் பத்தல," என்றாள் இராசம்மா. "என் சாக்கையும் மேல ஏத்து. கனமா இருந்தா தானா ஓடும்."

ஏற்றினார்கள். இரண்டும் முன்னைவிட அழுத்தமாக உட்கார்ந்துகொண்டன. இப்போது தள்ளவும் முடியவில்லை.

"என்னடி, குடும்பத்தோட குடியேறிடுச்சு!"

"அப்ப சரிவுதான் பத்தல. தலைமாட்டத் தூக்கு."

மேல் தகரத்துக்கு அடியில் கல் அடுக்கினார்கள். சாக்குகள் நகர்ந்தன. அம்மாக்கண்ணு கைதட்டி முடிப்பதற்குள் மூன்றாவது தகரத்தில் போய் நின்றுவிட்டன.

தூறல் பிடித்தது. இராசம்மா மடியிலிருந்து துணி துவைக்கும் சவுக்காரத்தை எடுத்தாள். நாலாவது தகரத்திலிருந்து கடைசிவரை தேய்த்துக்கொண்டே இறங்கினாள்.

"இப்பத் தள்ளு!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

அம்மாக்கண்ணு தகரத்தில் கால் வைத்துத் தள்ளினாள். கால் வழுக்கியது. சாக்குகளின் மேல் குப்புற விழுந்தாள். எல்லாம் சேர்ந்து புறப்பட்டன.

நாலாவது தகரத்தில் "ஐயையோ" என்று முழுதாகச் சொல்ல நேரம் இருந்தது. ஐந்தாவதில் "ஐ" மட்டும். ஆறாவதும் ஏழாவதும் வந்தது அவளுக்குத் தெரியாது.

தராசுக்கு முன்னால் நின்ற கங்காணி திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது, ஓடியிருக்க வேண்டும்.

சாக்குகள் அவிழ்ந்து பறந்த கொழுந்து அடங்கியபோது கங்காணி அடியிலும் அம்மாக்கண்ணு மேலேயும் கிடந்தார்கள்.

"கங்காணி, இன்னிக்கு நான்தான் முதல் ஆளு," என்றாள் மூச்சு வாங்க.

"எந்திரி! பின்னால யாரு பாரு!"

ஜீப்புக்குப் பக்கத்தில் துரை நின்றிருந்தார். தொப்பியில் ரெண்டு இலை. தோட்டத்துக்கு வந்து ஆறு வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இப்போதும் சிரிக்கவில்லை. தகரத்தின் அருகே குனிந்து சவுக்காரத்தை விரலால் தொட்டார். சரிவை அண்ணாந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார்.

"போச்சு. உன் நிரையும் போச்சு, என் வேலையும் போச்சு," என்றார் கங்காணி, காதிலிருந்து கொழுந்தை எடுத்தபடி.

ராதாகிருஷ்ணன் வந்தான்.

"அக்கா, உங்க நிரை உங்களுக்குத்தானாம். தகரமும் அங்கயே கிடக்கட்டுமாம்."

அம்மாக்கண்ணுவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்ப எதுக்கு அவரு மேல ஏறுறாரு?"

ராதாகிருஷ்ணன் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு சாக்கு கேக்குறாரு. கொழுந்து போட வேணாமாம். உக்காரத்தான்."