ஒண்ணும் வாங்காம வெளில வந்த கதை

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். தி.நகர்ல ஏதாவது ஒரு கடைக்குள்ள போகணும். நாலு பொருளை எடுத்துக் காட்டச் சொல்லணும். "வேண்டாங்க"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம வெளில வரணும்.

அவ்ளோதான். இதையா ஒரு வேலைன்னு மெயில் குழுவுல எழுதறேன்னு கேப்பீங்க. ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவுல தட்டறேன், எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கோங்க.

எனக்கு "வேண்டாம்" சொல்ல வராது. வாய்லயே வராது.

வீட்டுல மூணு வாட்டர் ஃபில்டர் இருக்கு. மூணும் வாசல்ல வந்தவங்க வித்தது. மூணாவது ஆளு வந்தப்போ தைரியமா முதல் ரெண்டையும் காட்டினேன். "அப்ப இதோட அருமை உங்களுக்குத்தான் சார் தெரியும்"னார். வாங்கிட்டேன்.

ஃபில்டரோட போயிருந்தா பரவாயில்ல. கே.கே. நகர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுக்கற வேலை கெடைச்சுது. லெட்டர் கைக்கு வந்தாச்சு. திங்கக்கிழமை சேரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஆனா நான் நாலு வருஷமா வேலை பார்க்கற மயிலாப்பூர் டி.டி.பி. கடை முதலாளி சுந்தரம் சார்கிட்ட "போறேன்"னு சொல்லணுமே! தினமும் காலைல சொல்லப் போவேன். "என்னப்பா?"ம்பார். "டீ சொல்லட்டுமா சார்?"ம்பேன். ஒரு மாசமா அவர் டீயா குடிச்சிட்டிருக்கார்.

அதனாலதான் அடையார்ல ஒரு கவுன்சிலிங் மேடம்கிட்ட போக ஆரம்பிச்சேன். வீட்டுல பல் டாக்டர்னு சொல்லியிருக்கேன்.

மேடம் வக்கீல் மாதிரி கேள்வி கேப்பாங்க.

"நீங்க போறேன்னா என்ன ஆகும்?"

"சுந்தரம் சார் மனசு ஒடைஞ்சிடும் மேடம்."

"ஒடைஞ்சா?"

"கடையை மூடிடுவார்."

"மூடினா?"

"அவர் பொண்ணோட கதி என்ன?"

"பொண்ணு என்ன படிக்கிறா?"

"கல்யாணமாகி டில்லில இருக்கா. பேங்க்ல ஆபீசர்."

மேடம் நாற்காலியை முன்னாடி இழுத்துக்கிட்டாங்க. "இந்த நெனப்புக்கு ஆதாரம் என்ன? நாம வேண்டாம்னா எதிராளி நொறுங்கிடுவான்னு நீங்களா முடிவு பண்ணி வெச்சிருக்கீங்க. அதைப் பரிட்சை பண்ணிப் பார்ப்போம். சின்னதா ஆரம்பிங்க. ஒரு பேனாக் கடை போதும். போறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு பயப்படறீங்களோ நோட்டுல எழுதுங்க. வந்ததும் என்ன ஆச்சுன்னு எழுதுங்க."

பேனாக் கடை போதும்னு தெளிவாத்தான் சொன்னாங்க.

ஆனா எனக்கு எதுலயும் ஆர்வம் வந்துட்டா நடுவுல நிக்கத் தெரியாது. பேனாக்கடைல ஜெயிச்சா அது ஒரு ஜெயமா? நேரா பட்டுப்புடவைக் கடை. நோட்டுல எழுதினேன்: "கடைக்காரர் மனசு ஒடைஞ்சு போயிடுவார். நம்பிக்கை: நூத்துக்குத் தொண்ணூறு."

தீபாவளிக்கு மூணு வாரம் இருந்தது. மத்தியானம் ரெண்டு மணி, மாடில பட்டு செக்‌ஷன்ல கூட்டம் கம்மி. வெள்ளைத் துணி விரிச்ச மெத்தைல ஐம்பது வயசு அண்ணாச்சி ஒருத்தர் உக்காந்திருந்தார்.

"வாங்க தம்பி, முகூர்த்தத்துக்கா?"

இல்லைன்னு சொல்லணும். "ஆமாண்ணே"ன்னுட்டேன்.

"எப்ப?"

"தை மாசம்."

"பொண்ணு என்ன நிறம்?"

"மாநிறம்."

"ஒசரம்?"

"என் தோள் வரைக்கும் வருவா."

அஞ்சே நிமிஷத்துல எனக்கு நிச்சயதார்த்தம் முடிஞ்சுது. பொண்ணுக்கு நீலம் புடிக்கும், ரொம்பப் பெரிய பார்டர் புடிக்காதுன்னு நானே சொல்றேன். யாரைப் பத்திப் பேசறேன்னு எனக்கே தெரியலை, ஆனா கொஞ்சம் புடிச்சுப் போச்சு.

அண்ணாச்சி புடவையை வீச ஆரம்பிச்சார். அரக்கு, மாம்பழ மஞ்சள், வாழைப்பூ கலர். ஒரு மயில்கழுத்தை என் தோள்லயே போட்டுக் கண்ணாடி முன்னாடி நிறுத்திட்டார். "பாருங்க, எப்படி எடுக்குதுன்னு." நல்லாத்தான் எடுத்துது.

முப்பத்திரெண்டு புடவை. எண்ணினேன். மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. அவருக்கு நெத்தில வேர்வை. இப்ப சொல்லணும். மேடம் சொன்ன மாதிரி மூச்சை இழுத்து விட்டேன். வாயைத் திறந்தேன்.

"மடிச்சுத் தரட்டுமாண்ணே?"

"அய்ய, வேணாம் தம்பி"ன்னார். எவ்ளோ சுலபமா சொல்றார் பாருங்க.

நான் விடலை. உக்காந்து மடிக்க ஆரம்பிச்சுட்டேன். நாலு வருஷம் கல்யாணப் பத்திரிகை மடிச்ச கை. அண்ணாச்சி அசந்துட்டார். "நல்லா மடிக்கீயளே! ரெண்டு நிமிஷம் பார்த்துக்கிடுங்க, கீழ போய் டீ சொல்லிட்டு வந்துடுதேன்"னு எழுந்து போயிட்டார்.

(ஒரு நிமிஷம், பிரிண்டர் கத்துது.)

வந்துட்டேன். எங்க விட்டேன்? மெத்தை மேல நான் மட்டும். சுத்தி முப்பத்திரெண்டு புடவை. எதிர்ல ஒரு அம்மா வந்து சப்பணம் போட்டு உக்காந்தாங்க.

"இன்னா நைனா, பொண்ணுக்குக் கல்யாணம் கீது. நல்லதா எடுத்துப் போடு."

நான் கடைக்காரன் இல்லைன்னு சொல்லியிருக்கணும். யோசிச்சுப் பாருங்க, அந்த வாக்கியத்துலயே ஒரு "இல்லை" இருக்கு. எடுத்துப் போட்டேன்.

"வேணாம்."

அடுத்தது.

"புடிக்கல. இன்னாபா இது, மழைல நனைஞ்ச போஸ்டர் மாதிரி கீது. எடு அந்தாண்ட."

அடுத்தது.

"வோணாம்பா. நீயே கட்டிக்கினு போ."

கால் மணி நேரத்துல இருபது தடவை வேணாம் சொன்னாங்க. நான் நொறுங்கலை. எனக்குக் கோவம்கூட வரலை. சொல்லப்போனா அவங்களுக்குப் புடிச்சது எதுன்னு கண்டுபுடிக்கணும்னு வெறியே வந்துடுச்சு. நானும் அரக்கு, வாழைப்பூன்னு அண்ணாச்சி மாதிரியே வீசறேன்.

கடைசில மயில்கழுத்து மேல கை வெச்சாங்க. "இது சோக்கா கீது."

அது எடுத்து வெச்சாச்சும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. யாருக்கு எடுத்து வெச்சது? அடக்கிக்கிட்டுக் குடுத்தேன். அம்மா அதைத் தூக்கிக்கிட்டு நேரா பில் போடப் போயிட்டாங்க.

திரும்பினா மேனேஜர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல நாலு பேனா. எவ்ளோ நேரமா நிக்கறார்னு தெரியலை. பின்னாடியே அண்ணாச்சி ரெண்டு கைலயும் டீயோட.

"யாருய்யா இந்தப் பையன்?"

"கஸ்டமருங்க"ன்னார் அண்ணாச்சி.

"கஸ்டமரா? ஒரே ஆளு தனியா ஒரு முகூர்த்தப் பட்டை வித்திருக்கான்! தம்பி, சீசனுக்கு ஆள் இல்லாம தவிக்கறேன். இங்க சேர்ந்துடு. திங்கக்கிழமை வந்துடு, என்ன?"

"சரி சார்" பல்லு வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள மனசு கணக்குப் போட்டுடுச்சு. மயிலாப்பூர், கே.கே. நகர், தி.நகர். ஒரே திங்கக்கிழமை மூணு இடத்துல நான் வேலைக்கு நிக்கணும்.

அப்பதான் அது வந்துது. ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு சுந்தரம் சாருக்காக மனப்பாடம் பண்ணின பேச்சு. ஒரு வார்த்தை மிச்சமில்லாம வந்துது.

"முடியாது சார். எனக்கு வேற இடத்துல வேலை கெடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரப் போறேன். மன்னிச்சுக்கோங்க. நாலு வருஷமா என்னை உங்க புள்ளை மாதிரி பார்த்துக்கிட்டீங்க. உங்க உப்பை மறக்க மாட்டேன்."

மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். "நானா? இவனை இப்பதானய்யா பார்க்கறேன்?"

அப்புறம் என் தோளைத் தட்டி, "சரிப்பா, எங்க இருந்தாலும் நல்லா இரு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் யாரையோ திட்டப் போயிட்டார்.

அவ்ளோதான். யாரும் அழலை. கடையை மூடலை.

அண்ணாச்சி மட்டும் மெதுவா கேட்டார். "அப்ப முகூர்த்தப் பொடவ?"

"கல்யாணம் இல்லண்ணே."

"அடடா, நின்னு போச்சா?"

"பொண்ணே இல்லண்ணே."

ஒரு டீயை என் கைல குடுத்தார். "டீயக் குடிங்க தம்பி, ஆறுது"ன்னார்.

குடிச்சுட்டுக் கீழ எறங்கினேன். வெளில வந்ததும் பாண்டி பஜாரே என்னைக் கும்புடற மாதிரி இருந்தது. அதே வேகத்துல பஸ் புடிச்சு மயிலாப்பூர் போயிட்டேன். யோசிச்சா டீ சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும்.

"சார், நான் வேலையை விடறேன். திங்கக்கிழமை வேற இடத்துல சேர்றேன்."

சுந்தரம் சார் கண்ணாடியைக் கழட்டினார். ஒடையப் போறார்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்.

"அப்பாடா"ன்னார்.

"சார்?"

"அக்கா பையன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு வீட்டுல இருக்காம்ப்பா. உன் சீட்டை அவனுக்குக் குடுக்கணும்னு அக்கா உயிரை எடுக்கறா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. பேச வாயெடுத்தா நீ டீ சொல்லப் போயிடறே. பாவம், நீ அழுதுடுவேன்னு வீட்டுல வேற சொன்னா." அப்புறம் ரொம்பப் பணிவா கேட்டார். "திங்கக்கிழமைதான் போகணுமா? நாளைக்கே வேணா கெளம்பறியா?"

மறுநாளே கெளம்பிட்டேன். இதை கே.கே. நகர்லேர்ந்துதான் தட்டறேன்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். நோட்டைப் படிச்சுட்டு, "பார்த்தீங்களா? உங்க பயத்துக்கு ஒரு ஆதாரமும் இல்ல. யார் மனசும் ஒடையலை. இப்ப எப்படி இருக்கு?"ன்னாங்க.

"கஷ்டமா இருக்கு மேடம்."

"ஏன்?"

"ஒருத்தராவது லேசா ஒடைஞ்சிருக்கலாம்."

மேடம் பேனாவைக் கீழ வெச்சாங்க. "அது வேற பிரச்சனை. அதுக்கு இன்னும் எட்டு வாரம் வரணும், வரீங்களா?"

சரின்னுட்டேன்.